தனுஷ் ஏவுகணையா பிரம்மோஸ் ஏவுகணையா, கப்பலுக்கு எது தோது?

ரேஞ்சை மட்டும் பார்த்தா ஆரம்பத்துல தனுஷ் தான் ஒரு படி மேல இருந்துச்சு, 350 கிமீ வரைக்கும் போகும், பிரம்மோஸ் வந்த புதுசுல 290 தான். ஆனா ரெண்டையும் ஏவுறது ஆடுற கப்பல்ல இருந்துங்கறத மறந்துடக் கூடாது.

தனுஷ்ங்கிறது தரையில இருந்து ஏவுற பிருத்வி பாலிஸ்டிக் ஏவுகணையோட கடற்படை வெர்ஷன். சுமார் நாலரை டன் எடை, திரவ எரிபொருள், அதை எரிய வைக்கிற ஆக்ஸிடைசரா நைட்ரிக் ஆசிட் வகை, அரிச்சுத் தள்ளும், நச்சுப்புகை வேற, இதைக் கப்பல்ல வெச்சு மேய்க்கிறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. பாலிஸ்டிக்னா இன்ஜின் அணைஞ்ச பிறகு பெரும்பாலும் எறிஞ்ச கல்லு மாதிரி தான் போகும், கிளம்புறப்போ துளி சாய்ஞ்சாலும் விழுற இடத்துல அது பெரிய விலகலாயிடும், அதனாலயே ஹெலிகாப்டர் டெக்ல அலையாட்டத்தை ஈடுகட்ட தனியா ஒரு பிளாட்ஃபார்ம் போட்டாங்க. 2000 ஏப்ரல்ல ஐஎன்எஸ் சுபத்ரால நடந்த முதல் டெஸ்ட் சரியா வரலை.

பிரம்மோஸுக்கு இந்தத் தலைவலி கிடையாது. டியூப்ல சீல் பண்ணி வரும், திட எரிபொருள் பூஸ்டர் தூக்கிவிடும், அப்புறம் காத்தை உள்ள இழுத்து எரியற ராம்ஜெட் இன்ஜின், மாக் 2.8 வேகம் (ஒலியை விட 2.8 மடங்கு), கடைசில சீக்கர் இலக்கைத் தேடிப் பிடிச்சுக்கும், அதனால நகர்ற கப்பலையும் அடிக்கலாம். ஐஎன்எஸ் விசாகப்பட்டினம்ங்கிற ஒரே போர்க்கப்பல்ல மட்டும் 16 இருக்கு. வெடிபொருள் மட்டும் 200-300 கிலோ தான். தனுஷ் 500 கிலோவுக்கு மேல தூக்கும், அணுகுண்டும் ஏத்தலாம், அது இருக்கக் காரணமே இதுதான்.

ஆனா அணுகுண்டு தூக்குற இந்த ஏவுகணையை எந்தக் கப்பல்ல ஏத்துனாங்க? சுபத்ரா மாதிரி சுகன்யா வகை ரோந்துக் கப்பல்ல! பேருக்கு ஒரு பீரங்கி, வான்பாதுகாப்புன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, இதை வெச்சுக்கிட்டு எதிரி கரைக்கு 350 கிமீ கிட்டப் போனா அவன் விமானம் சும்மா விடுமா? என்னைக் கேட்டா ஏவுகணைல குறையில்ல, சுமக்கிற கப்பல்ல தான் குறை. ஐஎன்எஸ் அரிஹந்த் நீர்மூழ்கி 750 கிமீ போற கே-15 ஏவுகணையோட தண்ணிக்கடியில ஒளிஞ்சு நிக்க ஆரம்பிச்சதும் தனுஷுக்கு வேலை குறைஞ்சு போச்சு.

தனுஷ், பிரம்மோஸ் ரெண்டையும் ஏவிப் பார்த்த கப்பலும் ஒண்ணு உண்டு, ஐஎன்எஸ் ராஜ்புத். 2003ல பிரம்மோஸ், 2005 டிசம்பர்ல தனுஷ். 2021ல ஓய்வு பெறுற வரைக்கும் அதுல தங்குனது பிரம்மோஸ் தான், தனுஷ் டெஸ்டோட இறங்கிடுச்சு.