காடை, கினிக்கோழி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: கிறிஸ்துமஸுக்கு நான் ஏமாந்தது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். உரித்து, தலையும் காலும் வெட்டி, பாக்கெட் போட்டு வீட்டுக்கே கொண்டு தருகிறோம் என்று சொல்லும் காடையையும் கினிக்கோழியையும் உயிரோடு பார்க்காமல் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 3,200 ரூபாய் போனது. பணத்தைவிட, கிறிஸ்துமஸ் அன்றைய சாப்பாடு போனதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எப்போதும் தாரா, அதாவது வாத்துக் கறிதான். இந்தத் தடவை கொழுந்தன் மூன்று வருஷம் கழித்து துபாயிலிருந்து வருகிறான் என்று கொஞ்சம் விசேஷமாகச் செய்ய ஆசைப்பட்டேன். சின்ன வயசில் மாமனார் வாங்கி வந்த காடையைப் பற்றி அவன் போனில் அடிக்கடி சொல்வான். வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. காடை ஒன்று 60 ரூபாய், கினிக்கோழி ஒன்று 700 ரூபாய், மாவட்டம் முழுவதும் டெலிவரி. கூப்பிட்டேன். "அக்கா, எல்லாம் நம்ம சொந்தப் பண்ணைதான், அன்னைக்குக் காலைல அறுத்து சாயங்காலம் கையில தருவோம்" என்றான் விற்கிறவன். முப்பது காடையும் இரண்டு கினிக்கோழியும் சொல்லி, 2,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பண்ணை எங்கே என்று கேட்டதற்கு ஒரு தடவை ஆரல்வாய்மொழி என்றான், இன்னொரு தடவை குலசேகரம் என்றான். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

24ஆம் தேதி சாயங்காலம் என்று சொன்ன சரக்கு இரவு எட்டரைக்கு வந்தது. பைக்கில் வந்த பையன் மீதி 1,200 ரூபாயை வாங்கியபிறகுதான் பையைக் கொடுத்தான். காலையில் அறுத்ததாகச் சொன்ன இறைச்சி கல் மாதிரி உறைந்திருந்தது. பாக்கெட்டின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி ஐஸ். ஒரு தடவை உருகி, வடிந்த நீரோடு மறுபடி உறைந்தால் அப்படி அடியில் கட்டி பிடிக்கும். பாக்கெட்டில் பேர் இல்லை, தேதி இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை. பண்டிகை ராத்திரி, வேறு எங்கே போய் வாங்குவது என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உருகியதும் மாமியார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மக்ளே, இது காடை இல்ல. கோழிக்குஞ்சு" என்றார்கள். நான் நம்பவில்லை. அவர்கள் நெஞ்சில் விரலை வைத்து அழுத்திக் காட்டினார்கள். காடைக்கு உடம்பு சின்னதானாலும் நெஞ்சு உருண்டு, சதை பிடித்து இருக்கும்; இறைச்சியும் கொஞ்சம் கருஞ்சிவப்பாக இருக்கும். இதில் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. தொடை மட்டும் நீளம், நிறம் வெளிர். முப்பதில் ஆறோ ஏழோதான் காடை. அதுவும் முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் காடை. இளசு என்றால் நெஞ்செலும்பின் நுனி குருத்தெலும்பாக, விரலால் அமுக்கினால் வளையும். இவை வளையவே இல்லை.

எங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் பிறகு கேட்டேன். முட்டைக்கோழி இனத்தில் பொரிகிற சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது. அதனால் குஞ்சு பொரிக்கும் இடங்களிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு வெளியே போகும். அதை மூன்று நாலு வாரம் வளர்த்து, தோலை உரித்து, தலையையும் காலையும் எடுத்துவிட்டால் எடையில் காடை மாதிரிதான் நிற்கும் என்றார். தோலோடு, காலோடு கொடுத்தால் சாயம் வெளுத்துவிடும். அதனால்தான் உரித்துத் தருவதையே பெரிய சேவை மாதிரி விளம்பரம் செய்கிறார்கள்.

கினிக்கோழி என்று வந்த இரண்டும் இன்னும் மோசம். கினிக்கோழிக்குக் கொழுப்பு குறைவு, சதை கருத்திருக்கும். இவற்றில் வயிற்றுக்குள் கைப்பிடி அளவு மஞ்சள் கொழுப்பு. சுத்தம் செய்யும்போது ஒன்றில் மஞ்சள் கருக்கள் சின்னதும் பெரிசுமாகக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. முட்டை குறைந்து கழித்துவிட்ட முட்டைக்கோழி, வேறென்ன. தேங்காய் வறுத்து, நல்லமிளகும் பெருஞ்சீரகமும் உள்ளியும் சேர்த்து அரைத்து வைத்த மசாலா அத்தனையும் அதில்தான் போனது. குக்கரில் பத்து விசில் விட்டும் ரப்பர். கொழுந்தன் ஒன்றும் சொல்லாமல் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விலையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காடை முட்டை 17, 18 நாளில் பொரிக்கும். ஐந்து ஆறு வாரத்தில் இறைச்சிக்கு வந்துவிடும். கினிக்கோழி அப்படி இல்லை. பொரிக்கவே 26 முதல் 28 நாள். அப்புறம் ஒரு கிலோ தேற மூன்று மாசத்துக்கு மேல் தீனி போட வேண்டும். அதை வளர்க்கிறவர் மலிவு விலைக்கு விட்டுக் கொடுக்கமாட்டார்.

26ஆம் தேதி போன் செய்தேன். முதலில் "பண்ணைக் காடை இப்படித்தான்க்கா இருக்கும்" என்றான். நான் விடாமல் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "ஒரிஜினல் வேணும்னா சொல்லுங்க. காட்டுக்கவுதாரி இருக்கு, குளத்துப் பக்கம் பிடிச்ச பறவையும் வரும். உங்களுக்குக் கொறச்சித் தாறேன்" என்றான். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. கவுதாரி, காட்டுக்காடை, காட்டுக்கோழி, நீர்ப்பறவைகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பண்ணையில் வளர்கிற ஜப்பானியக் காடை வேறு, இவை வேறு. நம் சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. எத்தனையோ தூரத்திலிருந்து பறவைகள் நம்மை நம்பி வந்து இறங்குகிற தண்ணீர் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் அவை இங்கே நிறைய இருக்கும். வலை மட்டுமல்ல, பூச்சிமருந்து கலந்த நெல்லைத் தூவியும் நீர்ப்பறவைகளைக் கொல்கிறவர்கள் உண்டு. அந்த இறைச்சியை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சளிக்கு நல்லது, முட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள். யாராவது இப்படிச் சொன்னால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். நான் கொடுத்தேன். குறுஞ்செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பினேன்.

பணம் விஷயமாக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதினேன். கையில் மிஞ்சியது ஜிபே ரசீது மட்டும். பைக்கில் வந்தவனிடம் ரொக்கமாகக் கொடுத்த 1,200க்கு அத்தாட்சி எதுவும் இல்லை. பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுத்திருந்தால்கூட உதவியாக இருந்திருக்கும்.

இந்தப் பிப்ரவரியில் தோவாளைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நேரில் போனேன். கொல்லையில் புள்ளிபுள்ளியாகக் கினிக்கோழிகள், நான் வாசலைத் தாண்டுமுன்பே காது கிழியக் கத்தின. காடைகள் கூண்டில் இருந்தன. பன்னிரண்டு காடை பிடித்து, என் கண் முன்னாலேயே அறுத்து, காலும் தோலுமாகக் கொடுத்தார்கள். அங்கே காடை 80 ரூபாய். கொழுந்தன் அதற்குள் துபாய்க்குத் திரும்பிப் போய்விட்டான்.

ஈஸ்டர் வருகிறது. போன வாரம் வேறொரு குரூப்பில், வேறொரு எண்ணிலிருந்து அதே விளம்பரம் வந்தது. அதே நீலத் தட்டு, காடைகளைச் சுற்றி நாலு எலுமிச்சைத் துண்டு, ஓரத்தில் கறிவேப்பிலைக் கொத்து. இந்தப் படம் உங்கள் போனுக்கு வந்தால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.