காட்டுத்தேன் ஏன் இப்படித் தண்ணீராக இருக்கிறது? சில வருடப் பழக்கத்தில் எழுதுவது

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "காட்டுத்தேன் விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கிலோவாக வாங்கி வைத்துவிடட்டுமா?" வேண்டாம் என்றேன். வருடக்கணக்காகப் பெரும்பாலும் அதையே வாங்குகிற ஆள் இப்படிச் சொன்னதும் அவருக்குக் குழப்பம். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே விடுகிறேன்.

நான் பேசுவது காட்டுத்தேனில் மலைத்தேனைப் பற்றி மட்டும். நீலகிரிச் சரிவுகளில், பாறை முகங்களிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீ கட்டுகிற பெரிய ஒற்றை அடையிலிருந்து குறும்பரும் இருளரும் எடுப்பது. அடுக்குத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் எல்லாம் வேறு வேறு. ஒன்றின் குணத்தை இன்னொன்றில் தேடக்கூடாது.

இந்தத் தேனில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. தண்ணீராக இருக்கிறது. தோசை மேல் ஊற்றினால் நிற்காமல் தட்டின் ஓரத்துக்கு ஓடிவிடும். ஸ்பூனைத் தூக்கினால் கம்பியாக இறங்காது, சொட்டும். பாட்டிலின் மேல்பகுதியில் எப்போதும் வெளுத்த நுரை. சென்னையில் சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் மூடியைத் திருகும்போதே 'புஸ்' என்று காற்று வெளியேறும். விளிம்புவரை நிரப்பிய பாட்டிலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பொங்கி, லேபிளை நனைத்து, அலமாரித் தட்டில் வட்டமாகக் காய்ந்திருக்கும். மறுநாள் காலையில் எறும்புச் சாரி.

காரணம் இருக்கிறது. பூவிலிருந்து வரும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சிறகடித்து வற்ற வைக்கும். பக்குவம் வந்ததும் அடையில் அது இருக்கும் சிறு அறையை மெழுகால் மூடும். மூடிய அறையில் இருப்பது வற்றிய தேன், மூடாததில் இருப்பது இன்னும் வற்றிக்கொண்டிருப்பது. மலைத்தேனீயின் அடையோ திறந்தவெளியில் தொங்குவது. தேன் எடுக்கும் பருவம் கோடை மழைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. காற்றில் ஈரம், அடையில் மூடாத அறைகள், இரண்டும் சேர்ந்தால் தேனில் ஈரம் 20 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 20 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் தேனில் இயல்பாகவே இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் வாயு, கூடவே லேசான சாராய வாடை, விட்டால் காடிப் புளிப்பு.

பெரிய கம்பெனிகள் சூடாக்கி ஈஸ்டைக் கொன்று, ஈரத்தை இறக்கி, நுணுக்கமாக வடிகட்டி அடைக்கின்றன. அந்தத் தேன் அலமாரியில் அசையாமல் இருப்பது அதனால்தான். பச்சைத்தேன் என்று நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது இந்த வேலையெல்லாம் செய்யாத தேனை. அப்படியானால் அதன் தொல்லையும் கூடவே வரும். இது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் தட்டைத் துடைக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

இன்னொரு தலைவலி வீட்டுச் சோதனைகள். என் அத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அடியில் போய் உட்காராமல் பாதியிலேயே கலங்கிப் பரவியது. "சர்க்கரைப் பாகைக் கொடுத்து ஏமாத்திட்டான்டா" என்று தீர்ப்பு. தீக்குச்சியை முக்கி உரசினார், பற்றவில்லை. பேப்பரில் விட்டார், ஊறியது. மூன்றிலும் தோல்வி. ஆனால் இந்த மூன்று சோதனையும் பார்ப்பது ஒன்றைத்தான்: எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று. கெட்டியாகக் காய்ச்சிய பாகு மூன்றிலும் ஜெயிக்கும். மழைக்கு முன்னே அவசரமாக எடுத்த அசல் மலைத்தேன் மூன்றிலும் தோற்கும். எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எறும்பு என் வீட்டு அலமாரியிலேயே பதில் சொல்லிவிட்டது.

ஆய்வகமே திணறும் விஷயம் இது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் 13 பிராண்டுகளில் 10 பிராண்டுகள் என்.எம்.ஆர். என்ற, மூலக்கூறு அளவில் பார்க்கும் சோதனையில் தவறின. அவற்றில் பெரிய பெயர்கள் பலவும் இங்குள்ள வழக்கமான தூய்மைச் சோதனைகளைத் தாண்டியவை. அந்தச் சோதனைகளில் மாட்டாதபடியே தயாரித்த பாகுகள் சந்தையில் இருக்கின்றன. தீக்குச்சி என்ன செய்யும், பாவம்.

சரி, இவ்வளவு குறையோடு ஏன் வாங்குகிறேன்? சுவைக்காக மட்டும்தான்.

ஒரு பாட்டில் மாதிரி அடுத்த பாட்டில் இருக்காது. ஒரு தடவை வந்தது வெளிர் மஞ்சளில், பூ வாசனையோடு இருந்தது. அடுத்தது கருப்பட்டி நிறம், தொண்டையைப் பிடிக்கிற காட்டம். எல்லாவற்றிலும் என்னை அசைத்தது கசப்புத்தேன். நாவல் மரங்கள் பூக்கும் பருவத்தில் எடுப்பது அது என்று கோத்தகிரிப் பக்கம் சொல்கிறார்கள். நாக்கில் வைத்ததும் இனிப்புதான், வித்தியாசம் எதுவும் தெரியாது. விழுங்கிய பிறகு நாக்கின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஒரு கசப்பு கிளம்பும். அது அடங்கும்போது நாவல் கொட்டையைக் கடித்தது போன்ற துவர்ப்பு ஒன்று மிஞ்சும். அதற்கப்புறம் தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும். முதல் தடவை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது அந்தப் பாட்டில்தான் முதலில் காலியாகிறது.

தினைமாவோடு சேர்க்கும்போது அந்தத் தண்ணீர்த்தன்மையே நல்லதாகப் போகிறது. தினையை வாசம் வரும்வரை வறுத்து, அரைத்து, தேனை ஊற்றிப் பிசைந்தால் மாவு முழுக்க ஒரே சீராக உறிஞ்சிக்கொள்ளும். நெய்கூட அதிகம் தேவைப்படாது. கெட்டியான பெட்டித்தேனில் செய்து பார்த்தேன். மாவு கட்டிகட்டியாக நின்றது. பிசைந்து பிசைந்து கை வலித்ததுதான் மிச்சம். தினைமாவுக்கு மலைத்தேன்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பாராட்டு இத்தோடு போதும். கடைசியாக வாங்கிய ஒரு கிலோ பாதிகூடத் தீரவில்லை, புளித்துவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தேன். "இயற்கைன்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்றார். இந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஈரம் அதிகம் என்பது இயற்கை. எந்த மாதம் எடுத்தது என்று லேபிளில் போடாமல் இருப்பது இயற்கையா? விளிம்புவரை நிரப்புவது இயற்கையா? குளிரூட்டி வைக்கச் சொல்லி ஒரு வரி அச்சிட எவ்வளவு ஆகும்?

தேன் எடுப்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடியில் பின்னிய ஏணியில் பாறை முகத்தில் தொங்கி, புகை போட்டு, கொட்டு வாங்கி எடுத்துவருகிறார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் தேன் சேர்ந்திருக்கும் பகுதியை மட்டும் அறுத்து, புழுக்கள் இருக்கும் பகுதியை விட்டுவிடுவார்கள். கூட்டம் பிழைத்துக்கொள்ளும். அறுத்ததைப் பிழியாமல் துணியில் தானாக வடியவிட்டால் தேன் சுத்தமாக இருக்கும். மொத்த அடையையும் கசக்கிப் பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் கலந்துவிடும். அந்தத் தேன்தான் சீக்கிரம் கெடுகிறது. 1993-ல் தொடங்கிய கோத்தகிரி கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் தேன் எடுப்பவர்களோடு சேர்ந்து இந்த முறைகளில் நிறைய வேலை செய்திருக்கிறது. அதனால் விற்பவரிடம் நான் இப்போது கேட்பது நான்கு விஷயம்: எந்த மலை, எந்த மாதம், பிழிந்ததா வடித்ததா, ஈரம் எத்தனை சதவீதம். ஈரத்தை அளக்கக் கையடக்கமாக ஒரு கருவி இருக்கிறது, ஒரு சொட்டு போதும். ஒழுங்காக வியாபாரம் செய்பவர் அளந்து வைத்திருப்பார்.

"எங்கள் பண்ணையில் வளர்த்த மலைத்தேனீயின் தேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. திறந்த அடை கட்டும், பருவம் மாறினால் இடம் பெயர்ந்துவிடும். அதேபோல, வருடம் முழுக்க ஒரே நிறம், ஒரே கெட்டி, ஒரே வாசனையில் காட்டுத்தேன் வந்தால் சந்தேகப்படலாம்.

வைத்துக்கொள்ளும் விதம்: கண்ணாடி பாட்டில், மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஈரமில்லாத ஸ்பூன். கடலோர ஊர்க்காரர்கள் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைப்பதுதான் நல்லது. புளிப்பது வெகுவாகக் குறையும். சில தேன் உறைந்து குருணையாகும், அது கலப்படம் இல்லை. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். கொதிக்கிற தண்ணீரிலோ டீயிலோ ஊற்றுவதாக இருந்தால் காட்டுத்தேன் வாங்கவே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுவும் சர்க்கரைதான், காட்டிலிருந்து வந்தது என்பதால் சலுகை கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி நண்பருக்கான கணக்கு. இது ஐப்பசி. நீலகிரியில் முக்கியமான பருவம் சித்திரையிலிருந்து ஆனிவரை. இப்போது விலை குறைத்து வரும் தேன் பெரும்பாலும் அப்போது எடுத்ததாகத்தான் இருக்கும். இத்தனை மாதம் எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கிலோ வாங்குவது வீண். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கவும் சூரணம் குழைக்கவும்தான் வேண்டுமென்றால் மார்த்தாண்டம் பெட்டித்தேன் போதும். அதில் ஒரு பெரும் பங்கு ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது. நல்ல தேன், தொல்லை கொடுக்காது, விலையும் குறைவு.

மொத்தத்தில் மலைத்தேனைப் பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால், புளித்த பாட்டில் இன்னும் மேசையில் இருக்கும் இன்றைய நிலையில், இல்லை. ஆனால் வரும் ஆனி மாதக் கசப்புத்தேனில் அரைக் கிலோ எனக்குச் சொல்லி வைத்தாயிற்று, கால் கிலோ பாட்டில் இரண்டாக. இந்த முறை விற்பவர் வேறு. எடுத்த மாதத்தை லேபிளில் போடுகிறவர்.