டிவி திரையில் வரும் குறியீடு: நான் ஏமாந்தது போல் ஏமாந்துவிடாதீர்கள்

புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கியிருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். போன வாரம் பணத்தையும் கணக்கையும் சேர்த்தே பறிகொடுத்தேன்.

டிவியில் படம் பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்தேன். ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாக அமுக்குவது பெரும்பாடு. அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் டிவி ஒரு குறியீட்டைக் காட்டி, கைப்பேசியில் குறிப்பிட்ட இணைய முகவரிக்குப் போய் அதைப் பதியச் சொல்கிறது. முகவரி திரையிலேயே இருந்தது. அதை அப்படியே தட்டச்சு செய்யாமல் தேடுபொறியில் செயலியின் பெயரைத் தேடினேன். அங்கேதான் சறுக்கினேன். முதலில் வந்தது ஒரு விளம்பரம். அதே நிறம், அதே சின்னம். குறியீட்டைப் போட்டதும் 'பிழை' என்று காட்டி, ஓர் உதவி எண்ணைத் தந்தது.

அந்த எண்ணை அழைத்தேன். பேசியவர் அவ்வளவு பணிவாகப் பேசினார். 'இணைப்புக் கட்டணம்' என்று சொல்லி கார்டு விவரங்களையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டார். பிறகு, "உங்கள் குறியீடு காலாவதியாகிவிட்டது. நான் சொல்வதைப் பதியுங்கள்" என்று ஆறு எழுத்துகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இம்முறை அவர் அனுப்பியது செயலியின் உண்மையான பக்கத்துக்கு! அதனால் துளிச் சந்தேகமும் வரவில்லை. நாளைக்குள் டிவி இணைந்துவிடும் என்றார்.

மறுநாள் கைப்பேசியில் பார்த்தால், 'தொடர்ந்து பாருங்கள்' வரிசையில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத மொழிப் படம் ஒன்று பாதியில் நிற்கிறது. அப்போதுதான் உறைத்தது.

அந்தக் குறியீடு எந்தத் திரையில் தோன்றியதோ அந்தக் கருவியைத்தான் நம் கணக்கோடு இணைக்கும். அவர் சொன்னது அவருடைய டிவியின் குறியீடு. நானே என் கையால் அவரை உள்ளே விட்டிருக்கிறேன். குறியீட்டால் டிவியை இணைக்கும் இந்த வழிக்கு 2019-இல் முறையான இணையத் தரநிலையே வெளிவந்திருக்கிறது, வழியில் பழுதில்லை. பிறர் சொல்லும் குறியீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பதியாதீர்கள்.

1956-இல் வந்த ஸெனித் நிறுவனத்தின் டிவி ரிமோட்டில் பேட்டரிகூடக் கிடையாது. பொத்தானை அமுக்கினால் உள்ளே அலுமினியக் கம்பியில் தட்டி, காதுக்குக் கேட்காத ஒலி எழும். அதைக் கேட்டு டிவி சேனலை மாற்றும். அந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் நம் பணம் இல்லை. இன்றைய டிவியில் கணக்கு, கார்டு, சந்தா எல்லாம் இருக்கின்றன. பெரியவர்களின் கையில் ரிமோட்டைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். கணக்கு அமைப்புகளில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். நான் முதலில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினேன். அந்த மோசடிக்காரரின் டிவி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு திரையில் இருந்த முகவரியைப் பார்த்துத் தட்டச்சு செய்து, என் டிவியின் குறியீட்டைப் பதிந்தேன். ஒரு நிமிடத்தில் இணைந்துவிட்டது. கட்டணம் என்று எதையும் அது கேட்கவே இல்லை.