மெல்பர்னிலிருந்து அடிலெய்டு வரை: வாடகை கேம்பர்வேனில் ஏழு நாள்

நானும் மனைவியும் வாடகைக்கு எடுத்த வண்டி, உள்ளேயே சமைத்துத் தூங்கலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஓட்டுவதில் குறையே இல்லை. அங்கேயும் இடப்பக்கம்தான் என்பதால் அரை நாளில் கை பழகிவிட்டது. கடலோரம் போகும் கிரேட் ஓஷன் ரோட்டின் 243 கிலோமீட்டரும் அலுங்காமல் வந்தது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை மலையைக் குடைந்து போட்ட சாலை அது.

தொல்லையெல்லாம் உள்ளேதான். அடுப்பு தானாகப் பற்றவில்லை. வழியில் அப்போலோ பே என்ற ஊரில் தீப்பெட்டி வாங்கினோம். மேசையை இறக்கினால் கட்டில் என்றார்கள். சரி, ஆனால் ஒரு பலகை ராத்திரிக்கு இரண்டு முறை நழுவும். மூன்றாம் நாளிலிருந்து அந்த ஓரம் எனக்கு என்றாகிவிட்டது.

ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்களுடையதில் இருட்டிய பிறகு கங்காரு மோதினால் காப்பீடு கிடையாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மவுண்ட் கேம்பியர் போய்ச் சேர்ந்தோம். பிப்ரவரி அங்கே கோடை என்பதால் அந்த ஊர் ஏரியான ப்ளூ லேக் மை கொட்டியது போல நீலம், குளிர்காலத்தில் சாம்பலாகிவிடுமாம்.

அடிலெய்டில் கல்லூரி நண்பன் எங்களைப் பார்க்குமுன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். “டேய், இதுலயா தங்கச்சியைப் படுக்க வச்சே?”

ஐந்துக்கு மூன்று.