எம்4011 கைகர் கருவி: எதை எண்ணும், எதைக் கோட்டைவிடும்

விண்வெளிக் கதிர்வீச்சு பற்றி ப்ராஜெக்ட் செய்யும் ஜேசி (ஜூனியர் காலேஜ்) மாணவர்களுக்கு, எம்4011 குழாய் வைத்த இந்த மலிவான கைகர் கருவி, அதாவது கதிர்வீச்சை ‘டிக்’ ‘டிக்’ என எண்ணும் கருவி, தாராளமாகப் போதும். அதன் குறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு மேசையில் மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அலகு) பக்கம் காட்டும்; அதாவது நிமிடத்துக்குச் சுமார் 15 ‘டிக்’ எண்ணிக்கை. ஒரு நிமிடத்தை மட்டும் நம்பினால் பிழை 25 சதவீதத்தைத் தாண்டும். 10 நிமிடம் கூட்டினால் 8 சதவீதம். திரையில் துள்ளும் உடனடி எண் வெறும் வேடிக்கை.

விமானத்தில்தான் சிக்கல். அங்கே உடலில் சேரும் கதிர்வீச்சு அளவில் ஏறக்குறைய பாதி நியூட்ரான்களால் வருவது; இந்தக் குழாய்க்கு அவை அநேகமாகத் தெரியவே தெரியாது. அதனால் மைக்ரோசீவர்ட்டை விட்டுவிட்டு நிமிட எண்ணிக்கையையே குறித்துவையுங்கள். சாங்கி–சென்னை தடத்தில் பூமியின் காந்தப்புலம் விண்வெளிக் கதிர்களிலிருந்து நன்றாகவே காக்கிறது. லண்டன் தடத்தின் வட பகுதியில் அதே உயரத்தில் எண் கூடும்.

விண்வெளி வீரர்களின் உடல் பாதிப்பை இதை வைத்துக் கணக்கிடவே கூடாது. ஐசிஆர்பி (பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) கணக்கில் காமா கதிருக்கு எடைக் காரணி, அதாவது உடலுக்கு எவ்வளவு கேடு என்பதைக் காட்டும் எண், 1; கன அயனிகளுக்கு (மின்னூட்டம் கொண்ட கனமான அணுக்கள்) 20. கருவிக்கோ இரண்டும் ஒரே ‘டிக்’.

மூடியைக் கழற்றாதீர்கள், குழாயில் 400 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது. லித்தியம் பேட்டரி என்பதால் கைப்பையில் மட்டும் வையுங்கள்.