நலோக்சோன் கிட்டா, கண்காணிப்பு மையமா? வான்கூவரை வைத்து ஓர் ஒப்பீடு

ஹெராயினோ ஃபென்டனிலோ அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கி நின்றுவிடும். காப்பாற்றச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது? ஓவர்டோஸ் சாவைத் தடுக்கும் எந்த வழியையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன். கனடாவின் வான்கூவரில் பல வழிகளும் நடைமுறையில் இருப்பதால் அங்கிருந்தே பார்க்கலாம்.

நலோக்சோன், ஓபியாய்டின் (ஹெராயின், ஃபென்டனில் வகைப் போதைப்பொருளின்) பிடியை விலக்கி மூச்சைத் திருப்பித் தரும் மருந்து. சிகாகோவில் தொண்டர்கள் 1996-லேயே இதைப் போதைப்பொருள் பயன்படுத்துவோரின் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீட்டுக்குக் கிட் கொடுக்கும் திட்டம் 2012-ல் வந்தது. பையில் அடங்கும், கற்றுக்கொடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். அதற்குப் பிறகு மறுபடி மூச்சு மங்கலாம். பென்சோடயசெபின் என்ற தூக்க மருந்து கலந்த போதைப்பொருள் என்றால் மூச்சு வந்தாலும் ஆள் உடனே விழிக்கமாட்டார். அதனால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மயங்கி விழுந்தவர் தனக்குத்தானே மருந்தைப் போட்டுக்கொள்ள முடியாது, இன்னொரு ஆள் வேண்டும் என்பது.

அந்த இன்னொரு ஆளைத்தான் கண்காணிப்பு மையம் தருகிறது. வட அமெரிக்காவின் முதல் சட்டபூர்வ மையமான இன்சைட், 2003 செப்டம்பரில் வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் திறந்தது. போதைப்பொருளை அவரவரே கொண்டுவந்து, கண்காணிப்பில் அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சுத்தமான ஊசியும் நர்ஸும் அங்கே உண்டு. மையத்துக்குள் எத்தனையோ ஓவர்டோஸ் நடந்திருக்கிறது, உயிர் போனதில்லை. திறந்தபின் மையத்திலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் ஓவர்டோஸ் சாவு 35 சதவீதம் குறைந்தது, நகரின் மற்ற பகுதிகளில் 9 சதவீதம்தான் என்று 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. அதே ஆண்டு, இதை மூடப் பார்த்த மத்திய அரசுக்கு எதிராகக் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. குறை என்னவென்றால், அது ஒரே ஒரு கட்டடம். பலன் அக்கம்பக்கத்தாரோடு நின்றுவிடுகிறது. ஊசிக்காகக் கட்டியது வேறு; இன்று அந்த மாகாணத்தில் புகைப்பவர்களே அதிகம்.

2016-ல் ஃபென்டனில் பரவி, ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அனுமதிக்குக் காத்திருக்காமல் தொண்டர்கள் சந்தில் கூடாரம் போட்டார்கள். போதைப்பொருள் பயன்படுத்துவோரே ஒருவருக்கொருவர் காவல் இருந்தார்கள். அதை அனுமதிக்கும் அரசாணை டிசம்பரில் பின்னால் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நர்ஸ் சம்பளமும் கட்டடமும் இல்லாமலேயே, பக்கத்தில் ஆள் என்ற முக்கியமான பாதி கிடைத்துவிடுகிறது.

சரி, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எடுப்பவருக்கு? அங்கே பெரும்பாலான சாவுகள் நடப்பது கட்டடங்களுக்குள்தான். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அவசர உதவியை அழைக்கும் செயலி 2020-ல் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் போனும் சிக்னலும் வேண்டும், போலீஸ் வருமோ என்ற பயமும் போக வேண்டும்.

ஹெராயினுக்கு மாற்றாக டாக்டர் தரும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் சிகிச்சை ஆபத்தான அந்த நிமிடமே வராமல் பார்க்கிறது. பிரான்சில் 1995-ல் சாதாரண டாக்டர்களும் புப்ரினார்ஃபின் எழுதலாம் என்றானபின், நான்கே ஆண்டில் ஓவர்டோஸ் சாவு ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அதற்கு இணையாக மற்ற வழிகளில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தும் எல்லோரும் சிகிச்சைக்குத் தயாராக இல்லை. ஃபென்டனில் பழகிய உடம்புக்கு டோஸ் பிடிபடவும் நாளாகும்.

ஆகவே பணம் குறைவான ஊர் முதலில் கிட் கொடுக்கட்டும், கூடவே சாதாரண டாக்டர்களும் இந்தச் சிகிச்சையை எழுத அனுமதிக்கட்டும். சாவுகள் சில தெருக்களில் குவிந்திருந்தால், கட்டடத்துக்குக் காத்திராமல் கூடாரம் போடலாம். கிட்டை முதலில் கொடுக்க வேண்டியது சிறையிலிருந்தும் டீடாக்ஸ் என்ற போதை நீக்கச் சிகிச்சையிலிருந்தும் வெளியே வருபவர்களுக்கு. தாங்கும் சக்தி குறைந்த உடம்பில் பழைய அளவே உயிரைப் பறித்துவிடும். வாசலிலேயே அவர் கையிலும், அழைத்துப்போக வந்தவர் கையிலும் ஒவ்வொன்று கொடுத்தனுப்ப வேண்டும்.