சாண்டா ஃபே நகரக் குடிநீர்ச் சேவை: விலையும் மீட்டரும் பிடித்த கடிவாளம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ஆண்டுக்குச் சுமார் 14 அங்குல மழை மட்டுமே பெய்யும் வறண்ட ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தை எட்டவில்லை. 1995இல் தலைக்கு நாளொன்றுக்கு 168 கேலனாக, அதாவது 636 லிட்டர் அளவில் இருந்த தண்ணீர்ச் செலவு, அடுத்த 20 ஆண்டுகளில் 100 கேலனுக்கும் கீழே இறங்கியது. 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதிப்போட்டு இந்த அளவுக்கு இறக்கிவிட முடியாது. கட்டணமும் மீட்டரும் கைகோத்ததே இதற்கு முதன்மைக் காரணம் என்பது, இந்தச் சேவையைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் என் மதிப்பீடு.

வீட்டு இணைப்புகளுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் கட்டண முறையில் இரண்டே படிகள்தாம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் 7,000 கேலன், மே முதல் ஆகஸ்ட் வரை 10,000 கேலன் என்ற வரம்புக்குள் நின்றால் ஆயிரம் கேலனுக்கு 6.06 டாலர், வரம்பைத் தாண்டிய ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 21.72 டாலர் என்பது 2013 முதல் பல ஆண்டுகள் இருந்த விலை. மூன்றரை மடங்கு உயரும் இந்த விலையைப் பார்த்தபின் புல்தரைக்கு மனம் வராது. ஆனால் வரம்பு வீட்டுக் கணக்கில் வைக்கப்பட்டிருப்பதால், தாத்தா பாட்டியோடு ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பம் சிக்கனமாக இருந்தும் மேல்படிக்குத் தள்ளப்படலாம். தனியாளோ தோட்டத்துக்குத் தாராளமாகப் பாய்ச்சியும் தப்பிவிடலாம். நியாயத்தின்படி பார்த்தால் இது குறைதான்.

சேவையின் சிறந்த பகுதி 'ஐ ஆன் வாட்டர்' என்ற இணையவழி வசதி. மீட்டரின் அளவீடு மணிக்கணக்கில் பிரிக்கப்பட்டு வரைபடமாகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. பார்க்க வேண்டிய இடம் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை: எல்லோரும் உறங்கும் அந்த நேரத்திலும் கோடு பூஜ்யத்தைத் தொடாமல் சிறிதளவில் நீடித்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் கழிவறை ஃப்ளஷ் டேங்கின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கும். டேங்கில் கொஞ்சம் உணவுச் சாயத்தை விட்டுக் காத்திருந்தால், கசிவு இருக்கும்பட்சத்தில், யாரும் ஃப்ளஷ் செய்யாமலேயே கீழே கோப்பையில் நிறம் இறங்கிவிடும். பல வீடுகள் ஒரே மீட்டரைப் பகிரும் அடுக்ககங்களில் குடியிருப்போருக்கு மட்டும் இந்த வசதியால் பயனில்லை.

விதிகளும் உண்டு. மே முதல் அக்டோபர் வரை காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. உணவகங்களில் கேட்டால்தான் குடிநீர் வைப்பார்கள். (விருந்தாளி உட்காருமுன் சொம்பு நீட்டும் நம்மவர்களுக்கு இது பழகச் சற்று நாளாகும்.) உணவக விதியால் மிச்சமாகும் நீர் சொற்பமே, வெயில் நேரத் தடைதான், ஆவியாகிப் போவதைக் குறைத்து உண்மையில் பலன் தருகிறது.

தண்ணீர் வரும் வழிகளை ஒன்றுக்கு மேல் வைத்துக்கொண்டதும் திட்டமிட்டவர்களின் முன்யோசனை. மலையடிவாரத்தில் மெக்ளூர், நிக்கல்ஸ் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள், இருவேறு கிணற்றுத் தொகுதிகள், 2011 முதல் ரியோ கிராண்டே ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் பக்மன் திட்டம் ஆகியவை மாறிமாறிக் கைகொடுக்கின்றன. ஆற்றுநீர் கிடைக்கும் காலத்தில் கிணறுகளுக்கு ஓய்வு கொடுத்து நிலத்தடி நீர்மட்டம் தேற வழி செய்கிறார்கள். மேலும், 2012இல் இயற்றிய நகரச் சட்டத்தின்படி, இயல்பான மழையாண்டில் 1,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி) வரையிலான நீரைச் சாண்டா ஃபே ஆற்றிலேயே ஓட விடுகிறார்கள். ஊரில் சிக்கனம் பிடித்துவிட்டு ஆற்றில் விடுவதா என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புதிதாக இணைப்புப் பெறுவோர், கணக்கு எண் கைக்கு வந்ததும் 'ஐ ஆன் வாட்டர்' தளத்தில் பதிவு செய்து, கசிவு எச்சரிக்கையை அன்றே அமைத்துக்கொள்வது நல்லது. நாமாக அமைக்காதவரை அந்த எச்சரிக்கை நமக்கு வராது.